மாட்டாமல் விட்ட வயர்

இன்று காலை கிளினிக் ஜன்னலைத் திறந்ததும் பூச்சிமருந்து வாடை உள்ளே வந்தது. எதிர்ச் சரிவில், தேயிலைக்கு ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, டிரோன் ஒன்று பறந்து மருந்து அடித்துக்கொண்டிருந்தது. முன்பு முதுகில் பம்பைச் சுமந்து ஆறு பேர் செய்த வேலை. இப்போது ரோட்டோரம் ஒரே ஓர் ஆள் நிற்கிறான், கழுத்தில் கண்ட்ரோலரைத் தொங்கவிட்டுக்கொண்டு. வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு தடவைகூட மலையை நிமிர்ந்து பார்க்கவில்லை. கண் திரையிலேயே இருந்தது. இரண்டு கட்டைவிரல்கள் மட்டும் மெல்ல அசைந்தன.

உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் பேசாமல் கழித்த வருஷங்கள் அதைவிட அதிகம். பேச வேண்டியது இப்போதுதான் எனக்கே தெரிந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

தோட்டத்து வரிசை வீடுகளான ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிறந்தவர்கள் நாம். உன் அப்பா தொழிற்சாலை மாடியில் இலை காயவைத்தார். என் அம்மா கொழுந்து எடுத்தாள். நீ போலீஸுக்குப் போனாய். நான் நர்ஸுக்குப் படித்துவிட்டு இதே தோட்டத்துக் கிளினிக்குக்கே திரும்பி வந்தேன். அன்றிலிருந்து நீ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நர்ஸைக் கூப்பிடும் ஊர் வழக்கப்படி உனக்கும் நான் மிஸ்ஸி ஆகிவிட்டேன். ஆனால் நீ கூப்பிடும்போது மட்டும் அதில் கொஞ்சம் கேலி இருக்கும்.

வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யும் பிரிவுக்கு உன்னை மாற்றினார்கள். அங்கே தூரத்திலிருந்தே ரிமோட்டில் இயக்கிக் குண்டை எடுக்கிற மெஷினை ஓட்டக் கற்றுக்கொண்டு நீ முதல் லீவில் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. என் வீட்டு அடுப்படி மேசையில் பிஸ்கட் டின்னை இப்படியும் அப்படியும் தள்ளி, படி ஏறும், திரும்பும், கையை நீட்டி எடுக்கும் என்று காட்டினாய்.

"இதுக்குக் கண்ணு இருக்கு மிஸ்ஸி, கை இருக்கு. பயம் மட்டும் இல்ல. மனுஷன் போகக்கூடாத எடத்துக்கு அது போகும் லா. வெடிச்சா இரும்புதானே போகும்."

"ஆளைக் கொல்லுமா அது?" என்று கேட்டேன். சும்மா கேட்டேன்.

நீ சிரித்துவிட்டாய். "இது ஆம்புலன்ஸ் மாதிரி. ஆம்புலன்ஸை விட்டு யாராச்சும் ஆளை மோதுவாங்களா?"

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் தம்பிக்குக் கண்கள் விரிந்துபோயின. அம்மா போன பிறகு நான் வளர்த்தவன் அவன். உன்னைப் பார்த்துத்தான் போலீஸில் சேர்ந்தான். நாலு வருஷத்தில் உன் பிரிவுக்கே மனுப் போட்டு வந்து சேர்ந்தான். கம்போங் ராஜா பஸ் ஸ்டாப்பில் அவனை உன்னோடு ஏற்றிவிட்ட அன்று, "ஒன்கிட்டதான் விட்டிருக்கேன்" என்று சொன்னேன். நீ அவன் பையை வாங்கி உன் தோளில் மாட்டிக்கொண்டாய்.

அந்த நாளைப் பற்றி ஊரில் நூறு கதை உண்டு. நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

விடிந்த கொஞ்ச நேரத்தில் மலைப் பாதை ரோட் ப்ளாக்கில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவனை நிறுத்தியிருக்கிறார்கள். அவன் துப்பாக்கியை எடுத்து ஒரு கான்ஸ்டபிளைச் சுட்டுவிட்டான். கல்யாணம் நிச்சயமாகியிருந்த பையன். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. சுட்டவன் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தேயிலைக்குள் இறங்கி ஓடி, நம் தோட்டத்துக் கீழ்ச் சரிவில் இருந்த பழைய உர ஸ்டோருக்குள் புகுந்துகொண்டான். அவன் என்ன இனம் என்று பிறகு பலபேர் என்னிடம் கேட்டார்கள். நான் யாரிடமும் சொன்னதில்லை. எந்தப் பதிலைச் சொன்னாலும் அவர்களுக்கு அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்காது என்று தோன்றியது.

லயத்து ஜனங்களைக் கோயில் மண்டபத்துக்கு அனுப்பினார்கள். ஸ்டோரைப் பார்க்க வசதியான இடம் கிளினிக் வராந்தாதான் என்று போலீஸ் அங்கே வந்து உட்கார்ந்தது. யாருக்காவது காயம்பட்டால் நர்ஸ் வேண்டியிருக்கும் என்று என்னை இருக்கச் சொன்னார்கள். மதியம் உங்கள் லோரி வந்தது. தம்பி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். நீ ஆட்டவில்லை. வேலையில் இருந்தால் உனக்கு ஆளே தெரியாது.

முதலில் மெஷின் கையில் ஒரு போனைக் கொடுத்து அனுப்பினாய். அவன் அதை வெளியே வீசிவிட்டான். இரண்டு தடவை ஆட்கள் நெருங்கினார்கள், இரண்டு தடவையும் சுட்டான். மூன்றாவது தடவை மெஷினை ஜன்னல் ஓரம் வரை கொண்டுபோனாய். உன் தோளுக்குப் பின்னால் நின்று நானும் திரையைப் பார்த்தேன். கூரையிலிருந்து ஒழுகிய மழைத் தண்ணீரைப் பழைய பெயிண்ட் டின்னில் பிடித்து அவன் குடித்துக்கொண்டிருந்தான். துப்பாக்கி மடியில் கிடந்தது. குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். நம்மில் யார் வேண்டுமானாலும் அப்படித்தான் துடைத்துக்கொள்வோம்.

அப்போதுதான் உன் அதிகாரி அந்தப் பேச்சை எடுத்தார். அவர் மலாயில் பேசினார், நீயும் மலாயில், துவான் என்று மரியாதையாகவே பதில் சொன்னாய். எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

"வெடியை அது மேலேயே வச்சு அனுப்பு. அவன் சாஞ்சிருக்கிற சுவருக்குப் பக்கத்துல வெடிக்கட்டும்."

"துவான், இது அதுக்கு உள்ள மெஷின் இல்ல."

"வெளிநாட்டுல ஒரு போலீஸ் செஞ்சிருக்கு. எனக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும்."

"காத்திருப்போம் துவான். உள்ள அவனுக்குச் சோறு இல்ல. போக வழியும் இல்ல."

"பனி எறங்கினா வழி வந்துரும். கீழ வெளிநாட்டு வேலையாளுங்க குடியிருப்பு இருக்கு, காய்கறித் தோட்டம் இருக்கு, அங்க எல்லாம் குடும்பம் இருக்கு. அவன் ஒரு வீட்டுக்குள்ள பூந்துட்டா?"

"இப்ப அவன் யாரையும் சுடல துவான். தண்ணி குடிக்கிறான்."

அதிகாரி தன் கையை நீட்டினார். அவர் சட்டைக் கையில் காய்ந்த ரத்தம் இருந்தது. "காலையில செத்த பையன் கண்ணை நான்தான் மூடினேன்" என்றார். "இன்னொரு பையன் கண்ணையும் மூடச் சொல்றியா?"

அவரை நான் கெட்டவராக நினைக்கவில்லை. அன்றும் நினைக்கவில்லை, இன்றும் இல்லை. ஒரு சாவைப் பார்த்துவிட்டு அடுத்த சாவைத் தடுக்கப் பார்த்த மனுஷன். இரும்பு இருக்கும்போது எதற்குச் சதையை அனுப்புவது என்று அவர் கேட்டதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

"நீ மாட்டுறியா, இல்ல வேற ஆளை மாட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு, "நானே மாட்டுறேன்" என்றாய்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை உன்னிடம் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை, இப்போது சொல்கிறேன். தம்பி உள்ளே போக வேண்டியதில்லை என்ற ஒரே நினைப்புதான். பெயிண்ட் டின்னில் தண்ணீர் குடித்தவனை நான் மறந்தே போனேன்.

நீ லோரிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து வேலையை முடித்தாய். மெஷின் பனிக்குள் இறங்கிப் போனது. ஒலிபெருக்கியில் மூன்று தடவை சரணடையச் சொன்னார்கள். என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, பாட்டில்கள் விழாமல் இருக்க மருந்து அலமாரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

பஞ்சை எடுத்துப் பார்த்தேன். "இன்னொரு தடவை" என்று அதிகாரியின் குரல் கேட்டது. திரும்ப வைத்துக்கொண்டேன். அப்போதும் ஒன்றும் இல்லை. மழைதான் பெய்துகொண்டிருந்தது.

அதற்குள் பனி ஸ்டோரையே மூடிவிட்டது. இனி காத்திருக்க முடியாது என்று எட்டுப் பேரை நடந்தே அனுப்பினார்கள். முன்னால் போனவன் என் தம்பி. அவன் வேலை அது இல்லை, அவனாகவே கேட்டுப் போனான் என்று பின்னால் தெரிந்தது. மூன்று துப்பாக்கி வெடிச் சத்தம் கேட்டது. பிறகு ஒரே கூச்சல்.

கழற்றிய கதவு ஒன்றில் வைத்து அவனைத் தூக்கி வந்தார்கள். வலது தோளுக்குக் கீழே எலும்பு சிதறியிருந்தது. அடுத்த கட்டிலில் அவனைச் சுட்டவன், தொடையில் குண்டோடு, கையில் விலங்கோடு. ஆம்புலன்ஸ் தானா ராத்தா டவுனிலிருந்து பனியில் ஊர்ந்து வர வேண்டும். அதுவரை இரண்டு பேருக்கும் நான் ஒருத்திதான்.

தம்பிக்குக் கட்டினேன். பிறகு சுட்டவனுக்கும் கட்டினேன், ஒரு சுற்றுக்கூடக் குறைக்கவில்லை. ஆனால் அவன் "ஆயேர், ஆயேர்" என்று தண்ணீர் கேட்டான். ஆபரேஷனுக்குப் போகிறவனுக்குக் குடிக்கக் கொடுக்கக்கூடாது என்பது என் படிப்பு. பஞ்சை நனைத்து உதட்டை ஈரப்படுத்தலாம் என்பதும் அதே படிப்புதான். தம்பிக்கு ஈரப்படுத்தினேன். அவனுக்குச் செய்யவில்லை. கேட்காதவள் மாதிரி நின்றேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்தான் கடைசியில் என் கையிலிருந்து பஞ்சை வாங்கினார்.

அவன் பிழைத்துக்கொண்டான். வழக்கு நடந்து ஜெயிலில் இருக்கிறான். தம்பியின் கையை ஈப்போவில் வெட்டாமல் காப்பாற்றினார்கள். இருக்கிறது என்று பேர்தான், விரல் மடங்காது.

பத்தாவது நாள் ஆஸ்பத்திரி கேன்டீனில் நீ எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாய். இரண்டு கிளாஸ் தே வாங்கி வைத்தாய், நீ குடிக்கவில்லை.

"மிஸ்ஸி, மெஷின் கெட்டுப் போகல."

"அப்புறம்?"

"வயரை நான் மாட்டல."

"மறந்துட்டியா?"

"இல்ல. தெரிஞ்சேதான் விட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மேல போய் அவன் கையைப் பாரு. கரண்டி பிடிக்க முடியல. இருபத்தெட்டு வயசு. ஒரு கொலைகாரனைக் காப்பாத்தவா அவனைக் கூட்டிட்டுப் போன?"

"அவனுக்காக மட்டும் இல்ல மிஸ்ஸி."

"வேற யாருக்காக?"

நீ வாயைத் திறந்தாய். பிறகு மூடிக்கொண்டாய். அந்த மௌனத்தை நான் குற்றம் என்றே எடுத்துக்கொண்டேன். பதில் இல்லாதவன்தான் பேசாமல் இருப்பான் என்று நினைத்தேன்.

"இனிமே என் வாசல்ல வந்து நிக்காத" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

விசாரணையில், கவனக்குறைவாக இருந்துவிட்டேன், இணைப்பைச் சரிபார்க்கவில்லை என்று நீ எழுதிக் கொடுத்தாய். பிரிவிலிருந்து எடுத்து ஸ்டோர் வேலைக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு இல்லாமல் சார்ஜண்டாகவே ரிட்டையர் ஆனாய். பிரிஞ்சாங் மார்க்கெட்டில் உன்னைப் பார்த்தால் சில பயல்கள் ரிமோட்டை அமுக்குகிற மாதிரி கட்டைவிரலை ஆட்டிக் காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு உண்மை தெரியும். நான் உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, உனக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை. கோயில் திருவிழாவில் எதிரே வந்தால் சேலைத் தலைப்பைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

தம்பியோடு நீ பேசிக்கொண்டுதான் இருந்தாய். மாதம் ஒரு தடவை அவனை ஈப்போவுக்குக் கையைக் காட்டக் கூட்டிப்போனது நீ. வாசலுக்கு வராமல், லயத்துக்குக் கீழே ரோட்டிலேயே காரை நிறுத்தி ஹார்ன் அடிப்பாய். நான் சொன்ன சொல்லை அவ்வளவு கவனமாகக் காப்பாற்றினாய்.

கடைசியில் உன் மனைவி விமலா போன் பண்ணினாள். "இதயம் பாதிக்கு மேல வேலை செய்யலையாம். ஒன்னைக் கேட்டாரு." வந்தேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். மானிட்டரைப் பார்த்தேன், டிரிப்ஸைப் பார்த்தேன். மிஸ்ஸிக்குப் பார்க்க வேறு எத்தனையோ இருந்தன, உன் கண்ணைத் தவிர.

பிறகு ஒன்று கேட்டேன். "முடியாதுன்னு நேரா சொல்லியிருக்கலாம்ல?"

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாய். "சொன்னா வேற ஆள் மாட்டியிருப்பான். அது வெடிச்சிருக்கும்."

"ஒனக்கு அது சரின்னு தெரிஞ்சுதா?"

"தெரியல மிஸ்ஸி. கை போகல. அவ்ளோதான்."

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சொல்ல வேண்டியதற்குப் பதிலாக வாயில் வந்தது அதுதான். நீ சிரித்தாய். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

இனி நீ அறியாததைச் சொல்கிறேன்.

தம்பி இன்னும் போலீஸ் ஆபீஸில்தான் மேசை வேலை பார்க்கிறான். போன மாதம் மேலிடத்திலிருந்து அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. ஆயுதத்தோடு பதுங்கியிருக்கிற ஆள்மேல் மெஷின் வழியாக வெடி வைக்கலாமா, எப்போது வைக்கலாம் என்று ஒரு விதி எழுதலாமா என யோசிக்கிறார்களாம். அன்று அங்கே இருந்தவன் என்பதால் அவன் கருத்தை எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். அவன் வலது கை எழுதாது. இடது கையில் கையெழுத்து மட்டும் போடுவான். நீண்டதாக எழுத வேண்டுமென்றால் அவன் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடுப்படி மேசையில் உட்கார்ந்தோம். நான் பேனாவைத் திறந்தேன்.

"எழுதுக்கா. அன்னிக்குப் பட்டனை அமுக்கினது நான்."

என் கை நின்றுவிட்டது. "என்னடா சொல்ற?"

"அண்ணே மாட்டிட்டு வந்து கண்ட்ரோலரைக் கீழ வச்சிட்டாரு. அமுக்க மாட்டேன்னுட்டாரு. துவான் என்னைப் பார்த்தாரு. நான் எடுத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தலக்கா. செத்துப்போனவன் எனக்குத் தெரிஞ்ச பையன், ஒண்ணா டிரெயினிங் எடுத்தவன். எனக்கு வெறி. திரையில சுட்டவன் தெரிஞ்சான். அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கிட்டு இருந்தான். அமுக்கினேன். வெடிக்கல. மறுபடியும் அமுக்கினேன். டிவி சேனலை மாத்துற மாதிரிதான் இருந்துச்சு, அவ்ளோ லேசா இருந்துச்சு."

"அப்புறம் ஏன்டா முன்னால போன?"

"அவன் மூஞ்சைப் பார்க்கணும் போல இருந்துச்சு. தெரியல. ரெண்டு தடவை கொன்னுட்டு ஒக்காந்திருக்க முடியல."

ஆறு வருஷமாக அவன் தினமும் நினைத்தது தன் கையை அல்ல, தன் கட்டைவிரலை. மெஷின் கெட்டுப்போனதால் தப்பித்தோம், அது கெடாமல் இருந்திருந்தால் நாம் யார் என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். உன்னிடம் கேட்டானாம். "மெஷின்னா கெடத்தான் செய்யும் தம்பி, விடு" என்றாயாம்.

நான் பேனாவை மூடிவிட்டுச் சொன்னேன். "அது கெட்டுப் போகலடா."

எனக்குத் தெரிந்த பாதியை அவனிடமும், அவனுக்குத் தெரிந்த பாதியை என்னிடமும் மறைத்தே நீ போயிருக்கிறாய். கேன்டீனில் "வேற யாருக்காக" என்று நான் கேட்டபோது நீ வாயை மூடிக்கொண்டது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சொல்லியிருந்தால் என் தம்பியை நான் எப்படிப் பார்ப்பேன் என்று யோசித்திருக்கிறாய். என் கோபம் முழுவதையும் உன்மேலேயே விழவிட்டாய்.

தம்பி எழுந்து வெளியே போனான். அரை மணி நேரம் கழித்து உள்ளே வந்தான். கண் சிவந்திருந்தது.

"என்னைக் காப்பாத்திட்டாரு அண்ணே" என்றான். கொஞ்சம் கழித்து, "என் கையும் போச்சு" என்றான். இரண்டையும் ஒரே குரலில் சொன்னான்.

அன்று இரவு படுத்துக்கொண்டு ஒன்றை நினைத்துப் பார்த்தேன். நீ வயரை விட்டபோது யார் அமுக்கப் போகிறார்கள் என்று உனக்குத் தெரியாது. அதிகாரி தம்பியைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். ஆக, என் தம்பி என்பதற்காக நீ செய்யவில்லை. உள்ளே இருந்தவன் யாராக இருந்தாலும், வெளியே அமுக்குகிறவன் யாராக இருந்தாலும் நீ அதைத்தான் செய்திருப்பாய். முதலில் அது எனக்கு வலித்தது. எங்களுக்காக என்று இருந்திருந்தால் நன்றி சொல்ல எளிதாக இருந்திருக்கும்.

கருத்தை எழுதி முடிக்க மூன்று ஞாயிறு ஆயிற்று. சண்டை போட்டுக்கொண்டே எழுதினோம். "உள்ள ஒரு கொழந்தையைப் பிடிச்சு வச்சிருந்தா?" என்று நான் கேட்டேன். "அப்ப வேற மாதிரி இருக்கும்கா. ஆனா வெடிக்குக் கொழந்தை எது, ஆள் எதுன்னு தெரியாதே" என்றான். "பனியில அவன் கீழ எறங்கி ஒரு குடும்பத்தைச் சுட்டிருந்தா? அப்ப ஒன் அண்ணேதானே அதுக்குப் பதில் சொல்லணும்?" என்று கேட்டேன். "தெரியாதுன்னே எழுதுக்கா" என்றான். எழுதினேன்.

அவன் சொன்னதில் ஒரு பகுதியை உனக்கும் தருகிறேன்: "என்மேல் துப்பாக்கியைத் தூக்கினால் நானும் தூக்குவேன். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. அன்று அவன் தூக்கவில்லை. நான் தூரத்தில் பத்திரமாக இருந்தேன். பத்திரமாக இருந்ததால்தான் அவ்வளவு சுலபமாக அமுக்கினேன். இப்படி ஒரு விதி எழுதுவதானால், இதைச் சுலபமாக்காத விதியாக எழுதுங்கள்."

கடைசியில் வயர் வந்தது. அதை எழுதுவதா வேண்டாமா? எழுதினால் நீ உத்தரவை மீறினாய் என்று ஆகும். விமலாவுக்கு ஏதாவது தொந்தரவு வருமோ என்று பயந்தோம். அவளைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று இரண்டு பேரும் கம்போங் ராஜாவுக்குப் போனோம்.

எல்லாவற்றையும் கேட்டாள். அவளிடமும் நீ சொல்லியிருக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதுங்க" என்றாள். "கவனமில்லாத ஆளுன்னுதான் ஊரே சொல்லுச்சு. அத்தனை வருஷம் வெடியைத் தொட்ட மனுஷன், வீட்டுல கேஸ் அடுப்பைக்கூட மூணு தடவை பார்த்துட்டுத்தான் படுப்பாரு. கவனமில்லாத ஆளுன்னு என்னால நம்பவே முடியல. தெரிஞ்சேதான் செஞ்சாருன்னு சொல்லட்டும். தப்புன்னே சொல்லட்டும். ஆனா அவரு செஞ்சதைச் சொல்லட்டும்."

எழுதினோம். தம்பி இடது கையால் கையெழுத்துப் போட்டான். அனுப்பியாகிவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. என்ன வந்தாலும் நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம்.

நீ செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், இன்னும் எனக்குத் தெரியாது. காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும் முன் தம்பி என் முன்னால் வந்து நிற்பான். அவன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக நான்தான் போட்டுவிடுவேன். முப்பத்துநாலு வயது ஆண்பிள்ளை, கூச்சத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அப்போதெல்லாம் உன்மேல் எனக்குக் கோபம் வரும். இப்போதும் வருகிறது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் நன்றாகத் தூங்குகிறான். பக்கத்து அறையிலிருந்து அவன் குறட்டைச் சத்தம் கேட்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன். கோபமும் போகவில்லை, நன்றியும் போகவில்லை. இரண்டையும் நானே வைத்துக்கொள்கிறேன்.